இட்ட பெயரே முழுப்பெயர்: தமிழரின் பெயரும் ‘நான்’ என்ற நினைப்பும்

அமெரிக்க விசா பெற்ற தமிழர்கள் சிலரின் ஆவணங்களில், முதல் பெயருக்கான கட்டத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று மூன்று எழுத்துகள் இருக்கும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான அலுவலகக் குறி அது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இட்ட பெயருக்கு ஒரு கட்டம். தன் ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டவருக்கு மற்றது காலி. அந்தக் காலி இடத்தைத் தூதரகம் இந்தக் குறியால் நிரப்பிவிடுகிறது. அங்கிருந்து ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று அது பரவும். கணினி அனுப்பும் மின்னஞ்சல் ‘அன்புள்ள ஃப்னு’ என்று தொடங்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. தந்தை பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்த்தினார்கள்.

இதை வெறும் ஆவணச் சிக்கலாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். உலகின் பல பகுதிகளில் ஒருவரின் பெயர் தன் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. குடும்பப் பெயர் வம்சத்தைச் சொல்லும், இட்ட பெயர் ஆளைச் சொல்லும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் தனக்கு இட்ட பெயரும், அதன் முன்னால் அப்பா பெயரின் ஓர் எழுத்தும்தான். அந்த அப்பா பெயரும் அவருக்கு அவர் அப்பா இட்டது. ஆகவே வம்சம், சாதி, மதம், ஊர், அப்பாவின் அரசியல், அம்மாவின் வேண்டுதல் எல்லாம் ஒரே சொல்லின் தலையில் ஏறிக்கொள்கின்றன. பெயர் ஒருவரின் தன்னுணர்வுக்குள் எப்படிப் புகுகிறது என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் அதிகம் இல்லை. பெயரின் பொருளும் ஓசையும் ஆளை உருவாக்குவது குறைவு என்றே நினைக்கிறேன். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் மற்றவர் என்ன செய்கிறார் என்பதும், அதை யார் சொல்லிக் கூப்பிடலாம், யார் கூடாது என்ற ஏற்பாடுமே அதிகம் உருவாக்குகின்றன.

பெயருக்கும் மனத்துக்கும் உள்ள பிணைப்பு பேச்சு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1995இல் மாண்டல், ஜஸிக், பிசோனி என்ற மூவர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், நாலரை மாதக் குழந்தைகள் மற்ற பெயர்களைவிடத் தங்கள் பெயர் ஒலிக்கும் திசையில் அதிக நேரம் காது கொடுத்தது தெரிந்தது. அந்த வயதில் அதற்கு அது ‘பெயர்’ என்பதே தெரியாது. தன்னைச் சுற்றி அடிக்கடி, தன்னை நோக்கி வரும் ஓர் ஒலி, அவ்வளவுதான். வளர்ந்தபின் அந்த ஒலி காவல்காரனாகவே மாறிவிடுகிறது. 1959இல் நெவில் மோரே என்ற உளவியலாளர் இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார். கவனிக்காத காதில் ஓடியது எதுவும் பெரும்பாலும் பதியவில்லை. ஆனால் அதில் தங்கள் பெயர் வந்தபோது மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிடித்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்து இரைச்சலில் யாரோ நம் பெயரைச் சொன்னால் தலை தானாகத் திரும்புகிறதே, அதேதான்.

இதற்கு மேல் போகும்போது கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 1985இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோசெஃப் நட்டின், மனிதர்கள் தங்கள் பெயரில் உள்ள எழுத்துகளை மற்ற எழுத்துகளைவிட விரும்புகிறார்கள் என்று காட்டினார். அது பல மொழிகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. அதன்மேல் 2002இல் பிரெட் பெல்ஹாமும் உடனிருந்தவர்களும் பெரிய மாடி ஒன்றைக் கட்டினார்கள்: டென்னிஸ் என்ற பெயருள்ளவர்கள் டென்டிஸ்ட் ஆவது அதிகம், பெயரோடு ஒத்த ஊரில் குடியேறுவது அதிகம் என்றெல்லாம். செய்தித்தாள்களுக்கு இது அல்வா. 2011இல் யூரி சைமன்சோன் தரவுகளைத் திரும்பப் புரட்டிப் பார்த்து, இதில் பெரும்பகுதி வேறு காரணங்களால் வந்த மாயத்தோற்றம் என்றார். ஒரு காலத்தில் பரவலாக இருந்த பெயர் இன்னொரு காலத்தில் அருகிவிடும். வேலையில் இருக்கும் வயதில் எந்தப் பெயர்க்காரர்கள் அதிகமோ அவர்கள்தான் கணக்கில் அதிகம் வருவார்கள். பெயர் தலையெழுத்தை எழுதும் என்று சொல்பவர்களை, அவர்கள் ஆராய்ச்சியாளராக இருந்தாலும் எண்கணித சோதிடராக இருந்தாலும், நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன்.

மற்றவர்கள் பெயரைப் பார்த்து நடந்துகொள்ளும் விதம் பற்றிய சான்றுகள் இதைவிட உறுதியானவை. 2004இல் வெளியான ஆய்வுக்காக மரியான் பெர்ட்ரான்டும் செந்தில் முல்லைநாதனும் (பின்னவர் தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர்) பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒரே தரம். பெயர் மட்டும் சிலவற்றில் வெள்ளையர் பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவர் பெயர். வெள்ளையர் பெயருக்கு வந்த அழைப்புகள் 50 சதவீதம் அதிகம். இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் இதே முறையில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பி, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டியல் சாதிப் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும், அதே தகுதியுள்ள உயர்சாதிப் பெயரைவிட அழைப்புக்கான வாய்ப்பு குறைந்தது. இருவரில் முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஆளைப் பார்க்கவே இல்லை, பெயரைத்தான் பார்த்தார். இப்படிப் பலமுறை பார்க்கப்பட்ட ஒருவர், அடுத்த முறை தன் பெயரைச் சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்துவார், அல்லது வேண்டுமென்றே உயர்த்துவார். பெயர் தன்னுணர்வாக மாறுவது அங்கேதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது நெடுநாள் வழக்கம். சி.வி. ராமன் பெயரிலுள்ள ‘சி’, விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த அவருடைய அப்பா சந்திரசேகரன். ராமனின் அண்ணன் சுப்பிரமணியன் தன் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார். சித்தப்பா 1930இல் நோபல் பரிசு வாங்கினார், அண்ணன் மகன் சந்திரசேகர் 1983இல் வாங்கினார். 1999இல் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குப் பேரனின் நினைவாகச் ‘சந்திரா’ என்று பெயர் வைத்தார்கள். அதில் தாத்தாவும் சேர்ந்தே இருக்கிறார். ஐரோப்பிய வழக்கத்தில் இந்த வேலையைக் குடும்பப் பெயர் செய்திருக்கும். இங்கே இட்ட பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாவிச் செய்கிறது. நகரத்தார் வீடுகளில் அழ., ராம., சொக்க. என்று நீளும் முதலெழுத்து வரிசைகளைப் பார்த்தால் இந்தத் தாவல் இன்னும் தெளிவாகும். ஒரே இரண்டு மூன்று பெயர்கள் முன்னும் பின்னுமாக மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும்.

ஆனால் தாத்தா பெயர் வைத்தால் வீட்டில் ஒரு நெருக்கடி வரும். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பிள்ளைக்கோ அதே பெயர். ‘டேய் ராமசாமி, இங்க வாடா’ என்று எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர். துரை, ராசா, அம்பி, தம்பு, குஞ்சு, பாப்பா என்று வீட்டுப் பெயர்கள் அப்படித்தான் பெருகின. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் வாத்தியார் பெயர் கேட்டதும், கூட்டிவந்த மாமாவுக்குச் சட்டென்று ஞாபகம் வராமல் வாத்தியாரே ஒன்றை எழுதிக்கொண்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அப்படி வந்த பெயரோடு ஐம்பது அறுபது ஆண்டு வாழ்ந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பள்ளிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நிமிர்ந்து உட்கார்வார்கள், வீட்டுப் பெயரைச் சொன்னால் முகம் மாறும். இரண்டு பெயர்களுக்கும் இரண்டு ஆட்கள் பதில் சொல்கிறார்கள். ‘உண்மையான பெயர் எது?’ என்று கேட்பது நகரத்துக் கேள்வி.

அப்பா பெயரை முன்னால் வைத்துக்கொள்வதை ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். சுருக்கி ஓர் எழுத்தாக்கியதுதான் புதிது. சங்கப் புலவர் நக்கீரரின் முழுப்பெயர் ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’. ஊர், அப்பா செய்த தொழில், பிறகு தன் பெயர். கொடுமணல், கீழடி போன்ற இடங்களில் கிடைத்த பானையோடுகளில் தமிழி எழுத்தில் கீறியிருப்பவற்றில் பல ஆட்பெயர்களே: ஆதன், குவிரன் ஆதன் என்று. ‘இது என்னுடையது’ என்று சொல்ல எழுத்தைப் பயன்படுத்தியவர்கள். அதே காலத்து மரபில் எதிர்த்திசையிலும் ஒரு விதி இருந்தது. அகப்பாடல்களில் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். போரில் விழுந்தவனுக்கு ‘பெயரும் பீடும்’ எழுதிய கல், காதலித்தவளுக்குப் பெயரே இல்லாத பாட்டு. பெயர் ஊருக்கு உரியது, உள்ளுக்குள் இருப்பதற்குப் பெயர் வேண்டாம் என்று ஒரு சமூகம் அப்போதே முடிவெடுத்திருக்கிறது. தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயரே கிடைக்காமல், அவர்கள் எழுதிய வரியிலிருந்தே செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் என்று பெயர் வைத்தார்கள். இட்ட பெயரை இழந்து, எழுதியதையே பெயராகப் பெற்றவர்கள் அவர்கள். எழுதுகிறவர்கள் யாருக்கும் கொஞ்சம் பொறாமை வரும்.

சாதிதான் தமிழ்ப் பெயரின் கனமான பகுதி. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகம் பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமையான பெயர், வைசியனுக்குச் செல்வம் தொனிக்கும் பெயர், சூத்திரனுக்கு இழிவான பெயர் என்று சொல்கிறது. நடைமுறையில் ஒவ்வோர் ஊரும் அந்தச் சுலோகத்தைப் படித்துவிட்டு நடக்கவில்லை. ஆனால் அமாவாசை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள் யாருக்கு அதிகம் வாய்த்தன என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல பெயர் வைத்தாலும் பண்ணையார் வாயில் அது முழுதாக வராது. முனியசாமி ‘முனியா’ ஆவான், அதுவும் பேரன் பேத்தி எடுத்த வயதில், பத்து வயதுப் பையன் வாயால். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்தோ பிச்சையாக வாங்குவதுபோல் வாங்கியோ அப்படிப் பெயரிடுவார்கள், எமன் மதிப்பற்றது என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று. அவமதிப்புபோல் தோன்றும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பயமும் பாசமும். சொல் ஒன்றுதான்; தாய் வைத்தால் ஒன்று, பண்ணை வைத்தால் வேறொன்று.

இந்தக் கட்டை மாற்ற முதலில் பெயரில் கைவைத்தவர்களில் ஒருவர் அயோத்திதாசர். அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தனக்குக் கல்வி கொடுத்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டார். பிறப்பு தந்ததை விட்டுவிட்டுப் படிப்பு தந்ததை வைத்துக்கொண்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னாலுள்ள சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானித்தது. நாயர், ரெட்டி, கௌடா என்று அண்டை மாநிலங்களில் இன்றும் சாதாரணமாகப் பெயரோடு நிற்பது தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் கூச்சம் தரும் ஒன்றாக மாறியதற்கு அந்த இயக்கம் முக்கியக் காரணம். தீர்மானங்கள் பலவும் காகிதத்தோடு போகும் நாட்டில், ஒரு தீர்மானம் கோடிக்கணக்கான கையெழுத்துகளை மாற்றியது அபூர்வம்.

சாதி போய்விட்டதா என்றால் இல்லை. பின்னொட்டில் இருந்தது இட்ட பெயருக்குள் ஒளிந்துகொண்டது. குலசாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்தால் இசக்கியம்மாள் என்றால் நெல்லை, குமரிப் பக்கம், மாசாணி என்றால் ஆனைமலைப் பக்கம் என்று கேட்டதும் தெரியும். ஊர் தெரிந்தால் அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பது என்பதும் கேட்பவருக்குத் தெரியும். ‘அப்பா பேரு என்ன தம்பி? சாமி கும்பிட எங்க போவீங்க?’ வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்த விசாரணையின் வரிசை மனப்பாடம். ஆகவே பட்டத்தை விட்டது வீண் என்று நான் சொல்லமாட்டேன். முன்பு பெயரே சொல்லிக்கொடுத்ததை இப்போது ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும் நேரத்தில் ஒரு பிள்ளைக்கு அது பெரிய வித்தியாசம்.

மதமும் பக்தியும் சேர்ந்த பெயர்கள் வேறு மாதிரி. நாகூர் கனி, வேளாங்கண்ணி, சவரிமுத்து, அந்தோணியம்மாள் என்று தலத்தையும் வேண்டுதலையும் சேர்த்துச் சொல்பவை. அப்துல் கலாமின் ‘ஏ.பி.ஜே.’ கொள்ளுத்தாத்தா அவுல், தாத்தா பக்கீர், அப்பா ஜைனுலாப்தீன் என்ற மூவரையும் தாங்கியது. அரபுப் பெயரும் தமிழ் முதலெழுத்து முறையும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்த பெயர் அது.

அரசியல் பெயர்கள் தனி அத்தியாயம். 1916இல் சுவாமி வேதாசலம் தன்னை மறைமலை அடிகள் ஆக்கிக்கொண்டார். அதற்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் என்று எழுதினார். அடுத்த தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். இவர்கள் எல்லோரும் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள். பெயர் மாற்றம் அவர்களுக்குக் கொள்கை அறிவிப்பு. ஆனால் அவர்களைப் பார்த்து வந்த பெற்றோர் பிள்ளைகளுக்கு வைத்த தமிழ்ச்செல்வன், கயல்விழி, லெனின், போஸ் எல்லாம் அப்பாவின் அறிவிப்பு; சுமப்பது பிள்ளை. மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. இரங்கல் கூட்டத்தில் அப்பா கருணாநிதி மகனின் பெயரை அறிவித்தார். நாலு நாள் முன்னே பின்னே போயிருந்தால் வேறு பெயர் ஒன்று தமிழ்நாட்டு அரசியலில் இருந்திருக்கும். கொள்கைப் பெயரோடு வளர்ந்தவர்களிடம் இரண்டு வகையைப் பார்க்கலாம். ஒரு வகையினர் பெயருக்கு ஏற்ப வாழ முயல்வார்கள். இன்னொரு வகையினர் சோதிடம், பூசை என்று எதிர்ப்பக்கம் போய் நிற்பார்கள். பொதுவிதி சொல்ல என்னால் முடியாது, ஆனால் பெயரைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் இருப்பவரை மட்டும் இந்தக் கூட்டத்தில் பார்ப்பது அரிது.

இன்றைய பெயர்களில் கொள்கை இல்லை, ‘ஷ்’தான் இருக்கிறது. கேட்டாலே வயது தெரியும்: பட்டம்மாள், சரோஜா, மகேஸ்வரி, கவிதா, திவ்யா, ஹரிணி என்று அடுக்கினால் எண்பதிலிருந்து பத்து வரை இறங்கிவிடலாம். பெயர் சொல்லும் சாதியும் ஊரும் மறைந்து, நாள் மட்டும் மிஞ்சுகிறது. ஒருவகையில் நல்லதுதான், காதுக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

பெண்களின் பெயரில் மட்டும் இன்னொரு கணக்கு ஓடுகிறது. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு, போதுமணி, வேண்டாம் என்று பெயரிட்டால் அடுத்தது ஆண் பிறக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மகாராஷ்டிராவின் சத்தாரா மாவட்டத்திலும் இதே வழக்கம். ‘வேண்டாதவள்’ என்று பெயர்கொண்ட 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் அரசே விழா நடத்தி அவர்கள் விரும்பிய பெயரை மாற்றிக் கொடுத்தது. இங்கே பெயரின் பொருள் முக்கியமில்லை என்ற என் வாதம் தடுமாறுகிறதோ என்று நினைக்கலாம். வருகைப் பதிவேட்டில் ‘வேண்டாம்’ என்று வாசிக்கும்போது வகுப்பே சிரிப்பதும், வீட்டில் தம்பி பிறந்ததும் ‘உன் பேரோட ராசி’ என்று பாராட்டுவதும்தான் அந்தப் பிள்ளைக்குள் போகின்றன. தமிழ் தெரியாத ஊரில் அந்தப் பெயர் ஒரு மெல்லிய ஓசை மட்டுமே.

கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் முதலெழுத்து அப்பாவிடமிருந்து கணவனுக்கு மாறுகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று. இதைவிட ஆழமான மாற்றம் வாய்வழியில் நடக்கிறது. வயது ஏற ஏறப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் குறைகிறார்கள். அவள் ‘ஏங்க’ என்று கணவனைக் கூப்பிட, அவரோ ‘இந்தாடி’ என்கிறார். பிறகு ‘குமார் அம்மா’, ‘வாத்தியார் வீட்டம்மா’, கடைசியில் ‘ஆத்தா’, ‘அப்பாயி’, ‘பாட்டி’. ஆண்களுக்கும் இது உண்டு, ஆனால் அவர்களுக்குக் கடைத்தெரு இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், பட்டா இருக்கிறது. ஒரு பாட்டியின் பெயரைப் பேரப்பிள்ளைகள் முதன்முதலில் ரேஷன் கார்டில் பார்த்துத் தெரிந்துகொள்வது நம் வீடுகளில் புதிய சங்கதி இல்லை. அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்களுக்கு இந்த இழப்பு தாமதமாக வருகிறது. ஓய்வு பெற்றபின் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை என்று சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன்.

கடல் கடந்ததும் பெயரின் கதை வேறு திசைகளில் பிரிந்தது. மலேசியாவில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களிடம் நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலியார், படையாச்சி என்பவை டர்பனில் நிலையான குடும்பப் பெயர்களாக உறைந்து, கவெண்டர், மூட்லி என்று புதிய உச்சரிப்பும் எழுத்தும் பெற்றன. தாயகத்தில் கூச்சத்தோடு கைவிட்ட பட்டம் அங்கே விடுதலைப் போராட்டக்காரர்களின் பெயரில் நின்றது. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை பொன்னுத்தம்பி லபோர்த் ஆனார். சம உரிமைக்குக் கொடுத்த விலையில் பெயரும் ஒன்று.

இலங்கையில் பெயர் உயிர் விஷயமானது. 1983 ஜூலையில் கொழும்பில் தாக்க வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த வீடு தமிழர் வீடு என்று பெயர் காட்டிக்கொடுத்தது. பிறகு வந்த சோதனைச் சாவடிக் காலங்களிலும் அடையாள அட்டையில் முதலில் படிக்கப்பட்டது பெயர்தான். அங்கிருந்து கனடாவுக்கும் நார்வேக்கும் போனவர்களிடம் அப்பா பெயர் குடும்பப் பெயராக எழுதப்பட்டது. மனைவிக்கும் பிள்ளைக்கும் அதே பெயர். யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் ஒரு தனிமனிதருக்கு இட்ட பெயர், டொராண்டோவில் நாலு தலைமுறைக்கும் சொந்தமாகிறது. விஸ்வநாதன் ஆனந்தை உலக சதுரங்க வட்டாரம் ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிட்டது. அவருடைய பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய அப்பா. ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கே இந்த நிலை.

தானே பெயரை மாற்றிக்கொள்பவர்களுக்கு அரசிதழ் இருக்கிறது. விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பழைய பெயரும் புதுப்பெயரும் அச்சாகி வந்துவிட்டால் சட்டத்துக்குப் போதும். மதம் மாறியவர்கள், எழுத்துப் பிழையைத் திருத்துபவர்கள், மணமுறிவுக்குப் பின் பழைய முதலெழுத்துக்குத் திரும்புபவர்கள் அங்கே வருகிறார்கள். எண்கணிதக்காரர்களின் வாடிக்கையாளர்களும் வருகிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் ‘ஏ’யோ ‘எச்’சோ கூடும், தமிழில் ஒரு மாற்றமும் இராது. தமிழனின் கிரகங்கள் ஆங்கிலத்தில் மட்டும் படிக்கத் தெரிந்தவை போலும்.

பெயர் மாற்றம் உண்மையிலேயே தன்னுணர்வோடு கட்டிப் புரளும் இடம் திருநங்கையர், திருநம்பியரின் வாழ்க்கை. அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 129 மாற்றுப்பாலின இளையோரிடம் ஸ்டீஃபன் ரஸ்ஸலும் உடனிருந்தவர்களும் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் ஆகிய நான்கில் எத்தனை இடங்களில் அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் புழங்குகிறது என்று கணக்கெடுத்தது. புழங்கும் இடங்கள் கூடியவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைந்திருந்தன. அவர்கள் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அந்த ஆய்வு எடைபோடவில்லை. எத்தனை பேர் அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையே எடைபோட்டது.

இந்தியாவில் 2014இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை வைத்து, பிறப்புச் சான்றிதழ் உள்ளிட்ட ஆவணங்களில் ‘முதல் பெயரை’ மாற்றிக்கொள்ளலாம். குடும்பப் பெயர் உள்ள வடநாட்டை மனதில் வைத்து எழுதிய வாசகம் அது. இங்கே முதல் பெயரை மாற்றினால் ஏறக்குறைய முழுப்பெயரும் மாறிவிடுகிறது. அதற்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து மட்டும் மாறுவதில்லை. வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவின் முதலெழுத்தைப் புதுப்பெயருக்கு முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிடலாம் என்றால் விண்ணப்பப் படிவத்தில் தந்தை பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது.